எதிரி ஓய்வெடுக்கும் நேரம்

“சுருக்கம் வேண்டாம் டாக்டர். உங்களுக்கு வந்த மிரட்டல் மெயில் அத்தனையும் எனக்கு வேணும். வந்தது வந்தபடி, அசலா.”

கேட்டு முடித்த பிறகுதான், இந்த ஒரு பேச்சுக்கே வேலை போய்விடும் என்பது அறிவுமதிக்கு உறைத்தது. உறைத்தும் வார்த்தையை வாபஸ் வாங்கத் தோன்றவில்லை.

நெட்-அரண் கம்பெனியில் அவள் சேர்ந்த அன்று முதலாளி சித்தார்த் போட்ட முதல் கட்டளையே அதுதான். கிளையன்ட்டிடம் போய் அசலைக் கேட்காதே. கேட்டால் நமக்கே ஒன்றும் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். அசல் என்னிடம் வரும், நான் வடிகட்டித் தருகிறேன், நீ ஆபத்து எவ்வளவு என்று மதிப்பிட்டு எழுது. ஒரு வருஷமாக அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தாள். அடுத்தவன் கம்ப்யூட்டருக்குள் எவனாவது நுழைவானா, நுழைந்தால் என்ன போகும் என்று பார்த்துச் சொல்கிற வேலை. ஏசி அறையில் உட்கார்ந்து செய்கிற வாட்ச்மேன் உத்தியோகம்.

எதிரே இருந்த டாக்டர் வேதவதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஸ்ரீரங்கம் அம்மாமண்டபம் சாலையில் இருக்கும் அவருடைய ரத்தப் பரிசோதனை நிலையத்தில் கையை நீட்டாத வீடு அந்தத் தீவில் குறைவு. சர்க்கரை, தைராய்டு, காசநோய், கல்யாணத்துக்கு முன்னால் யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்கிற சோதனைகள், எல்லாம் அவருடைய கம்ப்யூட்டரில்தான் தூங்குகின்றன.

“எல்லாம் உங்க சார் குடுத்த ரிப்போர்ட்லயே இருக்கேம்மா. கீழ உன் பேர்தானே போட்டிருக்கு?”

அறிவுமதியின் வயிற்றெரிச்சலே அந்தப் பேர்தான். போன வாரம் அவள் எழுதிக் கொடுத்தது இரண்டு பக்கம். மிரட்டுகிறவன் ரிப்போர்ட்டெல்லாம் தன் கையில் என்கிறானே தவிர ஒன்றைக்கூட எடுத்துக் காட்டவில்லை. நிஜமாகவே வைத்திருப்பவன் காட்டாமல் இருக்கமாட்டான். ஆகவே ஆபத்து குறைவு. ஆனால் கம்ப்யூட்டர் மூலையில் பாஸ்வேர்டை ஸ்டிக்கரில் எழுதி ஒட்டியிருக்கிறீர்கள், முதலில் அதைக் கிழியுங்கள். இவ்வளவுதான் எழுதியிருந்தாள். நேற்று சாயங்காலம் பார்த்தால் அந்த ரிப்போர்ட் தண்ணீரில் ஊறின பஞ்சு மாதிரி உப்பிக் கிடந்தது. முதல் பக்கம் முழுக்கச் சிவப்பு. ‘அந்நிய நாட்டுச் சைபர் படை. உள்ளிருந்து உதவி. அபாயம் உச்சம்.’ ஸ்டிக்கர் விஷயத்தைக் காணோம். கடைசிப் பக்கத்தில் ‘மதிப்பீடு: ம. அறிவுமதி, பி.இ.’ என்பது மட்டும் பத்திரமாக இருந்தது. உப்பிலியபுரத்தில் மரவள்ளி போடுகிற மருதையின் மகள் வாங்கின பட்டம். அந்த வீட்டில் அதற்கு முன்னால் யாரும் எந்தப் பட்டமும் வாங்கியதில்லை.

“மேடம் எழுதினது பச்சைதான் டாக்டர். எங்க ஆபீஸ் பிரிண்டர்ல வந்தா செவப்பாயிடுது,” என்றான் கதவருகே நின்ற அப்ரார்.

அப்ராருக்குக் கம்பெனி வைத்த பெயர் டெக்னீஷியன். கேபிள் இழுப்பான், கேமரா மாட்டுவான், அறிவுமதியைத் தன் வண்டியில் கிளையன்ட் வீடு வீடாகக் கொண்டுபோய் இறக்குவான். அவளைவிட ஆறேழு வயது மூத்தவன் என்றாலும் அவளை மேடம் என்றுதான் கூப்பிடுவான். அதில் மரியாதை கால் பங்கு, நக்கல் முக்கால் பங்கு. அவள் அவனை பாய் என்பாள்.

மேற்கே எங்கேயோ இரண்டு நாடுகள் ராக்கெட் விட்டு அடித்துக்கொள்ள ஆரம்பித்ததிலிருந்து திருச்சிக்கே ஜுரம். அடுத்த குண்டு உங்கள் செல்போனில்தான் விழும் என்று டிவியில் ஒருவர் மேஜையைத் தட்டிச் சொன்னார். குடும்பக் குழுக்களில் பச்சைப் படம் வந்தால் திறக்காதீர்கள் என்று மாமாக்கள் அனுப்பினார்கள். அது என்ன பச்சைப் படம் என்று யாருக்கும் தெரியாது. சத்திரம் பஸ் ஸ்டாண்டு ஏடிஎம் வாசலில் கியூ வளைந்து நின்றது. அந்த ஜுரத்தின் நடுவில்தான் வேதவதிக்கு அந்த மெயில்கள் வர ஆரம்பித்தன. உங்கள் நோயாளிகளின் ரகசியம் எங்களிடம், ஒவ்வொன்றாக ஊருக்குக் காட்டுவோம், இது போர் என்று இங்கிலீஷில். பகல் முழுக்கக் கொஞ்ச நேரத்துக்கு ஒன்று. பயந்துபோய் அவர் சித்தார்த்தைக் கூப்பிட்டார். இத்தனை பெரிய நாடு இந்தச் சின்ன லேப் மேல் ஏன் பாய வேண்டும் என்று அவருக்கே ஒரு சந்தேகம் வந்தபோது, உள்ளே ஆள் இருக்கிறது என்று சித்தார்த் பதில் வைத்திருந்தார். அந்த ஆளுக்கு ஒரு பெயரும் வைத்திருந்தார். ஜெஸிமா.

ரிப்போர்ட் அடிக்கிற பெண். புருஷன் வளைகுடாவில், சண்டை நடக்கிற பக்கம், ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான்.

“புகார்ல நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாச்சு,” என்றார் வேதவதி. “மத்தியானம் வரைக்கும் உங்க சாருக்குத் தஞ்சாவூர்ல வேலையாம். அஞ்சு மணிக்கு ஸ்டேஷன்ல குடுத்துடறேன்னார். அதுக்கு முன்னால நீ எதுக்கு இதையெல்லாம் கெளறறே?”

“என் பேரைப் போட்டு ஒரு பொண்ணைப் பிடிச்சுக் குடுக்கப் போறீங்க. எதை வெச்சுன்னு நான் பாக்க வேண்டாமா?”

வேதவதி மூக்குக்கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

ஜெஸிமா பின்கட்டில், ரத்தக் குப்பிகள் வைக்கிற குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். செல்போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டதற்கு, சித்தார்த் சார் சொல்கிற வரைக்கும் இரு என்று பதிலாம். அறிவுமதி கேட்டதற்கெல்லாம் தரையைப் பார்த்தே பதில் சொன்னாள். புருஷன் தினம் பேசுவான். குரல் பதிவு அனுப்புவான். அதில் பின்னால் சைரன் கேட்கும். அந்த சைரன் சத்தத்தைக் கேட்டுத்தான் லேபில் முதலில் ஆள் ஆளுக்குப் பார்த்துக்கொண்டார்களாம்.

“உங்க மேல எப்படிச் சந்தேகம் வந்துச்சு?”

“அவரு இருக்குற ஊர்ல குண்டு விழுந்துச்சுன்னு டிவில காட்டுனாங்க. நான் அழுதேன்.” ஜெஸிமா முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். “எந்த நாட்டுக்காக அழுவுறேன்னு கேட்டாங்க அக்கா.”

அறிவுமதி வேதவதியின் அறைக்குத் திரும்பினாள். அப்ராரும் பின்னாலேயே வந்தான்.

மெயில்களை வரிசையாகப் பார்த்தாள். ஒரு வெற்றுத்தாளை எடுத்துக் கிழமைக்கு ஒரு கோடு போட்டு, மெயில் வந்த இடத்திலெல்லாம் புள்ளி வைத்தாள். கோடு முழுக்கப் புள்ளி மொய்த்தது, ஆனால் ஒவ்வொரு கோட்டிலும் ஓரிடத்தில் ஒரு வெள்ளைத் துண்டு. அந்த நேரத்துக்கு மட்டும் எதிரி மூச்சு விடவில்லை. துண்டு முடிந்ததும் மறுபடி சரமாரி.

சித்தார்த்தின் ரிப்போர்ட்டிலும் இந்த இடைவெளி உண்டு. ஆனால் ஒரே ஒரு நாளுக்கு. வெள்ளிக்கிழமை மதியத்துக்கு முன்னால் மெயில் நின்றுபோனதை வேதவதியே கவனித்துக் கேட்டிருக்கிறார். சித்தார்த் உடனே, அது ஜும்மா தொழுகை நேரம், எதிரி யார் என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும் என்று சொல்லி அதைத் தனிப் பக்கமாகவே போட்டுவிட்டார்.

அப்ரார் குனிந்து வெள்ளிக்கிழமைக் கோட்டைப் பார்த்தான். 

“மேடம், ஜும்மா கூடுறதே பன்னண்டரைக்கு மேலதான். இந்தாளு அதுக்கு முன்னாடியே ஓய்வு எடுத்துட்டு, கரெக்டா பாங்கு சொல்ற நேரத்துக்கு வேலைக்குத் திரும்பி வந்துடுறான். எங்க அத்தா மட்டும் இவனைப் பாத்தாரு, செருப்பு பிஞ்சிடும்.”

“மத்த நாள்?”

“மத்த நாள் இன்னும் மோசம். திங்கக்கெழமை காலையில தூங்குறான். புதன்கெழமை சாப்பாட்டு நேரத்துல. ஞாயித்துக்கெழமை பொழுது சாயுறப்ப. தொழுகை நேரம் இப்படி நாளுக்கு நாள் தாவாது மேடம். இது ஏதோ ஷிப்ட் மாத்தி மாத்திப் போடுற மில்லு.”

அறிவுமதி தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். முன்னால் வரவேற்பு மேஜையில் லூர்துராணி என்கிற பெண் முன்பதிவு வாங்கிக்கொண்டிருந்தாள். போனில் யாரோ ஒரு அம்மாளிடம், நாளைக்கு மத்தியானம் வேண்டுமானால் கூட்டமே இருக்காது, வாங்க என்று சொல்லிப் பார்த்தாள். அந்த அம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. லூர்துராணியின் திரையில் வாரம் முழுக்கப் பெயர்கள் நெருக்கியடித்து நின்றன. நடுநடுவே, கிழமைக்கு ஓரிடத்தில், காலிக் கட்டம்.

அறிவுமதி கையிலிருந்த தாளைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். தாளைத் தூக்கித் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

“இந்த நேரத்துக்கு ஏன் யாரும் வர மாட்டேங்கறாங்க?”

லூர்துராணி, இது கூடத் தெரியாமலா பெரிய படிப்பு படித்தீர்கள் என்கிற மாதிரி சிரித்தாள். “ராகு காலம் மேடம். அந்த நேரத்துல ஸ்ரீரங்கத்துல யாரு கையில ஊசி குத்திக்குவா? நான் சர்ச்சுக்குப் போற வேதக்காரி, எனக்கே ஏழு நாளும் மனப்பாடம் ஆயிடுச்சு.”

அப்ரார் மெல்ல விசிலடித்தான். “ஆக, நம்ம எதிரி நாட்டுச் சைபர் படை பஞ்சாங்கம் பாத்துட்டுத்தான் போருக்குக் கெளம்புது.”

அறிவுமதிக்குச் சிரிப்பு வரவில்லை. தினசரிக் காலண்டரில் போட்டிருக்கும் நேரத்தோடு புள்ளிகளை ஒப்பிட்டாள். பொருந்தியது, ஆனால் ஒட்டவில்லை. காலண்டரில் ராகு காலம் முடிந்த பிறகும் எதிரி கொஞ்சம் தயங்கி, இருபது நிமிஷம் சொச்சம் கழித்துத்தான் ஆரம்பிக்கிறான். ஒவ்வொரு நாளும் அதே தயக்கம்.

“வாட்ச் ஸ்லோவா ஓடுதோ என்னமோ,” என்றான் அப்ரார்.

வேதவதிதான் அதை அவிழ்த்தார். அறிவுமதி அறைக்குள் போய்த் தாளைக் காட்டியபோது அவர் முகம் வெளுத்தது. காலண்டரில் போடுவது ஊருக்குப் பொதுவாகப் போடுவது என்றார். சூரியன் ஆறு மணிக்கு உதிக்கிறான் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. இந்தப் பங்குனியில் ஸ்ரீரங்கத்தில் உதயம் ஆறு இருபதுக்கு மேல். ரொம்பக் கறாராகப் பார்க்கிறவர்கள் அன்றன்றைய உதயத்திலிருந்து கணக்குப் போட்டுத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

“அப்படிப் பாக்கறவா இந்த ஊர்லயே கொறைச்சல். உங்க ஆபீஸ்லயே ஒருத்தர் இருக்காரே, வரது மாமா.”

அறிவுமதி எழுந்தாள். புகாரைத் திரும்ப வாங்கிவிடுங்கள், ஜெஸிமாவை வீட்டுக்கு அனுப்புங்கள் என்றாள். வேதவதி கையைப் பிசைந்தார். நீ சொல்வது சரியாக இருந்தால் பெருமாள் புண்ணியம், தப்பாக இருந்து நாளைக்கு ஒரு ரிப்போர்ட் வெளியே வந்தால், ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றால், அதற்கு யார் பதில் சொல்வது என்றார். மெயில் எழுதினவர் யார் என்று தெரிகிற வரைக்கும் புகாரைத் திரும்ப வாங்க முடியாது என்றார்.

இப்படித்தான், என்று அறிவுமதி பல்லைக் கடித்துக்கொண்டாள். உண்மையைச் சொல்கிறவன் ஏழு ஆதாரம் கொண்டுவர வேண்டும். பயம் காட்டுகிறவன் சும்மா வந்தால் போதும், நாற்காலி போட்டு உட்காரவைப்பார்கள்.

வரது நெட்-அரணில் பாதி நாள் கணக்குப் பார்ப்பவர். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். கீழச் சித்திரை வீதியில் வீடு. வண்டியில் போகும்போது அப்ரார் பின்னால் திரும்பி, இந்த மனுஷனா, நம்ப முடியவில்லையே என்றான். அறிவுமதிக்கும்தான் முடியவில்லை. ஆனால் ஆறு மாதம் முன்னால் சித்தார்த் அவரை எல்லோர் எதிரிலும் அவமானப்படுத்தியது ஞாபகம் இருந்தது. ஆபீஸ் கண்ணாடிச் சுவரில் அவர் மாட்டியிருந்த பெருமாள் காலண்டரைக் கழற்றச் சொல்லி, இது டேட்டா பேசுகிற இடம், மூடநம்பிக்கை பேசுகிற இடம் இல்லை என்றார். வாசலில் யாரோ கட்டின எலுமிச்சம்பழமும் மிளகாயும் அதே நாளில் குப்பைக்குப் போனது. அந்தக் கோபத்தில் கம்பெனி பெயரைக் கெடுக்க இவர் செய்திருந்தால்?

வரது வாசல்வரை வந்து வரவேற்றார். விஷயத்தைக் கேட்டதும் முதலில் சிரித்தார்.

“அடியேனா? எனக்கு மெயில்னா எங்க பேத்தி வந்து திறந்து குடுக்கணும்மா. நீ என்னைப் போய்…”

“அந்த உதயக் கணக்கு உங்களுதுதானே மாமா?”

“கணக்கு என்னுதுதான்.”

“அதை வேற யாருக்குச் சொல்றீங்க?”

வரதுவின் சிரிப்பு நின்றது. உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். நாற்காலியின் கைப்பிடியைத் துடைத்தார், அதில் தூசியே இல்லை. வீட்டில் எல்லோரும் காலண்டரோடு திருப்திப்படுகிறவர்கள், இந்தக் காலத்தில் யார் உதயம் பார்த்துக் கணக்குக் கேட்கிறார்கள் என்று சுற்றி வளைத்தார். அறிவுமதி விடவில்லை. அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறவளைப் பற்றி மட்டும் சொன்னாள்.

“ஒருத்தர்தான் கேக்கறார்,” என்றார் வரது கடைசியில். “தெனம் கார்த்தால போன் பண்ணுவார். இன்னிக்கு எப்பலேர்ந்து எப்ப வரைக்கும்னு கேட்டுண்டு வெச்சுடுவார். அவர் அப்பா காலமானதுலேர்ந்து பழக்கம். வெளியில சொல்லாதேள்னு சத்தியம் வாங்கிண்டார்.”

“யாரு?”

“காலண்டரைக் கழட்டச் சொன்னவர்தான்.”

வீதியில் ஒரு மாட்டுக்காரன் கடந்து போனான்.

அறிவுமதிக்கு ஒவ்வொன்றாக இடத்தில் போய் உட்கார்ந்தது. காலையில் நேரத்தைக் கேட்டுக்கொண்டு, அன்றைக்குப் போகவேண்டிய மிரட்டலையெல்லாம் மணி குறித்து வைத்துவிட்டால் மெயில்கள் தானாகப் போய்ச் சேரும். பொய்யைக்கூட நல்ல நேரம் பார்த்துத்தான் அனுப்பியிருக்கிறார். அதில்தான் அந்த வெள்ளைத் துண்டு விழுந்தது. வெள்ளிக்கிழமைத் துண்டை வேதவதி பார்த்துவிட்டபோது, தன் ராகு காலத்தை எடுத்து இன்னொருத்தியின் தொழுகை என்று போட்டுவிட்டார். மற்ற நாட்களை யாரும் பார்க்கக் கூடாது. அசலைக் கேட்காதே.

“மாமா, இதை ஸ்டேஷன்ல வந்து சொல்வீங்களா?”

“என் பேர் வேண்டாம்மா.” வரது கை கூப்பினார். “சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன். இந்த வயசுல என்னை இதுல இழுக்காதே.”

சொல்லிவிட்டு அவர் கண்ணை எடுத்துக்கொண்ட விதத்தில், சத்தியத்தைவிடச் சம்பளம்தான் தெரிந்தது. அறிவுமதி நமஸ்காரம் சொல்லவில்லை. படியிறங்கினாள்.

காவிரிப் பாலத்தில் வண்டி ஊர்ந்தது. ஆற்றில் மணல்தான் அதிகம், தண்ணீர் ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது. இப்ப எங்கே மேடம், ஸ்டேஷனுக்கா, ஆபீஸுக்கா என்று அப்ரார் கேட்டான். ஆபீஸுக்கு என்றாள். புகார் அங்கேதான் இருக்கிறது, ஒரு தடவை கேட்டுப் பார்க்கிறேன் என்றாள்.

“குடுப்பாரா?”

“மாட்டாரு.”

“அப்புறம் எதுக்கு?”

“வேலையை விட்டுட்டேன்னு அவருகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லணுமில்ல.”

அப்ரார் ஒரு கையால் தன் தலையைத் தட்டிக் காட்டினான். அப்படியென்றால் கம்பெனிச் சம்பளத்தில் நான் வாங்கின இந்த ஹெல்மெட்டையாவது வைத்துக்கொள்ளலாமா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றான்.

தில்லைநகரில் நெட்-அரணின் கண்ணாடி அறைக்குள் சித்தார்த் காபி குடித்துக்கொண்டிருந்தார். துவாக்குடி இன்ஜினியரிங் காலேஜில் பெரிய படிப்பு, பிறகு சில வருஷம் வெளிநாடு, பேச்சில் பாதி இங்கிலீஷ். மேஜை மேல் சிவப்பு ரிப்போர்ட்டும் அதற்கு மேல் வேதவதி கையெழுத்துப் போட்ட புகாரும் இருந்தன. அறிவுமதி உட்காரவில்லை. பார்த்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னாள், வரதுவின் பெயரை மட்டும் விட்டுவிட்டு. சொல்லி முடித்ததும் அந்தப் புகாரைக் கொடுங்கள் என்றாள்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ராகு காலம் என்றெல்லாம் ஸ்டேஷனில் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள் என்றார். உலகம் முழுக்க நிஜமாகவே தாக்குதல் நடக்கிறது, ஆஸ்பத்திரிகளையே முடக்குகிறார்கள், பேப்பர் பார்ப்பதில்லையா என்றார். ஸ்டிக்கரைக் கிழி என்று நீ எழுதினாய், யாராவது கிழித்தார்களா? சிவப்பு ரிப்போர்ட் வந்த அன்றைக்கே அந்த அம்மா எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டார். பயந்தால்தான் நம் ஜனங்கள் கதவைப் பூட்டுவார்கள். தெருவில் இன்னும் நாலு லேபும் இரண்டு ஸ்கூலும் நம்மிடம் வந்திருக்கின்றன.

“ஆபத்து நெஜம்தான் சார். அதைத்தான் நான் ரெண்டு பக்கத்துல எழுதினேன். பூட்டு விக்கணும்னா பூட்டைக் காட்டி வித்திருக்கலாம். நீங்க ஒரு பொண்ணைத் திருடின்னு காட்டி வித்தீங்க.”

“அவளுக்கு ஒண்ணும் ஆகாது. நாலு நாள் விசாரிப்பாங்க, விட்டுடுவாங்க.”

“உங்க வீட்டுப் பொண்ணா இருந்தா நாலு நாள்னு சொல்வீங்களா?”

சித்தார்த் காபிக் கோப்பையைத் தட்டில் வைத்தார். பேச்சின் பதம் மாறியது. யோசித்துப் பார் அறிவு என்றார். ரிப்போர்ட் அடியில் இருப்பது என் பெயர் இல்லை, உன் பெயர். நீயே போய் இது பொய் என்று சொன்னால், பொய்யை எழுதினவள் நீ என்று முதலில் உன்னைத்தான் உட்காரவைப்பார்கள். உங்கள் வீட்டில் முதல் தடவையாக ஒருத்தி படித்து வேலைக்கு வந்திருக்கிறாய், அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். அடுத்த மாதத்திலிருந்து மதிப்பீட்டுப் பிரிவுக்கே நீதான் தலைமை. உட்கார்.

“எங்கப்பா ஊரெல்லாம் சொல்றது இந்தப் பேரைத்தான் சார். அதனாலதான் அதை எடுத்துட்டுப் போறேன். நான் எழுதலைன்னு நானே சொல்லிட்டா இந்த ரிப்போர்ட் வெறும் காகிதம். ரிப்போர்ட் இல்லாம அந்தப் புகார் நிக்காது. எனக்கு என்ன வந்தாலும் சரி.”

அவள் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தாள். சித்தார்த் பாதி எழுந்தார்.

“இரு இரு. அவசரப்படாதே. ஒரு அஞ்சு மணி வரைக்கும் இரு, நிதானமா பேசலாம்.”

அறிவுமதி சுவரைப் பார்த்தாள். மணி மூன்றே முக்கால். செவ்வாய்க்கிழமை. தாளில் செவ்வாய்க் கோட்டில் வெள்ளைத் துண்டு விழுந்திருந்ததும் இந்த நேரத்தில்தான்.

“ஏன் சார் அஞ்சு மணி?”

அவர் மறுபடி உட்கார்ந்து கோப்பையைக் கையில் எடுத்தார்.

“தஞ்சாவூர்லேர்ந்து வந்துட்டீங்க. புகார்ல கையெழுத்து விழுந்தாச்சு. ரிப்போர்ட் ரெடி. ஸ்டேஷன் இங்கேருந்து கூப்பிடு தூரம். வெளிய காரும் நிக்குது. அப்புறம் எதுக்கு உக்காந்து காபி குடிச்சிட்டிருக்கீங்க?”

சித்தார்த்தின் கை புகார்க் காகிதத்தின் மேல் போய், எடுக்காமல் அப்படியே நின்றது. அவள் எங்கே போகப் போகிறாள் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. இப்போதே கிளம்பினால் காரில் அவளை முந்திவிடலாம் என்பதும் புரிந்துவிட்டது. இரண்டும் அவர் முகத்தில் தெளிவாகத் தெரிந்தன. கண் ஒரு தடவை கடிகாரத்துக்குப் போய் வந்தது. கால் நகரவில்லை.

“இந்த நேரத்துல கெளம்பாதே அறிவு,” என்றார். குரல் இறங்கியிருந்தது, மிரட்டலும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. “எந்தக் காரியமா இருந்தாலும் இப்ப போனா உருப்படாது. சொல்றதைக் கேளு.”

ஒரு ஊரையே பயங்காட்டினவர் ஒரு கடிகாரத்துக்குப் பயந்து உட்கார்ந்திருந்ததை அறிவுமதி ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். பரிதாபம் வரும் என்று நினைத்தாள். வரவில்லை. குளிர்பெட்டிப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறவள்தான் கண்ணுக்குள் வந்தாள்.

செல்போனை எடுத்து அப்ராரைக் கூப்பிட்டாள். வண்டியை ஸ்டார்ட் பண்ணுங்க பாய், ஸ்டேஷனுக்கு என்றாள். நேரம் எப்படி மேடம் என்று அவன் கீழேயிருந்து கேட்டான்.

“இதைவிட நல்ல நேரம் கெடைக்காது.”

கண்ணாடிக் கதவைத் தள்ளினாள். வலது காலா இடது காலா என்று பார்க்காமல் வாசலைத் தாண்டினாள்.